நஞ்சுக்கொடி விழும்வரை கன்று காத்திருக்க முடியாது

தோட்டக் கூலியோடு ஒன்றிரண்டு ஜெர்சி கலப்பின மாடுகளையும் வைத்துப் பிழைக்கும் வீடுகள் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் உண்டு. அங்கே பிறந்த கன்று இரண்டாம் நாளே கழிந்து செத்தால், விதி என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் காரணம் விதியல்ல, முதல் சில மணி நேரத் தாமதம்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்ற பழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. முன்பே குடித்தால் கொடி தங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். உண்மை நேர்மாறானது. கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்க வைக்கிறது. கொடி விழ அது உதவவே செய்யும்.

மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்பு கிடைத்துவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அதைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. கன்றுக்கு இருக்கும் ஒரே வழி சீம்பால். அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சும். ஆனால் அந்தத் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். கொடி விழவே 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றால், காத்திருந்த கன்று இழந்தது எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது அளவு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள். எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து புகட்ட வேண்டும். மீதிச் சீம்பாலை ஏலக்காய் தட்டிப் போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, மலைக்குளிரில் ஈரம் காயத் தேய்த்துவிட்டு, தொப்புளுக்கு டிங்சர் அயோடின் வைப்பதும் அதே நேரத்து வேலை.

ஈனும்போது இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் வந்தால் சரியான நிலை. ஒரு கால் மட்டுமோ வாலோ தெரிந்தால் இழுக்காமல் கால்நடை மருத்துவரையோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ அழைக்க வேண்டும். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வராவிட்டாலும் அப்படியே. மேட்டுக் குடியிருப்புகளுக்கு வண்டி ஏறிவர நேரமாகும். ஆகவே சினை ஊசி போட்ட தேதியைக் குறித்துவைத்து, 280 நாளை ஒட்டி, ஆள் துணையும் அயோடினும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.