‘எக்செல் தெரியும் சார்’: ரெஸ்யூமில் ‘ஃபெமிலியர்’ என்று எழுதினால் என்ன அர்த்தம்?

ரெஸ்யூமில் ‘ஃபெமிலியர் வித் எக்செல்’ என்று ஒரு வரி. இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் அந்த வரியில் விரலை வைக்கிறார். “வி-லுக்அப் போட்டிருக்கீங்களா?” பதில் இல்லை. “பிவட் டேபிள்?” அதுவும் இல்லை. “அப்போ இதை ஏன் எழுதினீங்க?” என்றால், “எக்செல் தெரியும் சார்” என்று குரல் இறங்குகிறது.

கேம்பஸ் இன்டர்வியூ சீசனில் பல அறைகளில் நடக்கிற காட்சிதான் இது. அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. கல்லூரி லேபில் எக்செல்லைத் திறந்திருக்கிறார், மார்க் லிஸ்ட் டைப் செய்திருக்கிறார். தமிழில் அதற்குத் ‘தெரியும்’ என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்தத் ‘தெரியும்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது எந்தச் சொல்லாக மாறுகிறது என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

தமிழில் ‘தெரியும்’ ரொம்பத் தாராளமான சொல். பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியும், நீச்சல் தெரியும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியும், மொட்டை மாடியில் நின்றால் மலைகூடத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதைக் குரல் சொல்லிவிடும். “ஏதோ கொஞ்சம் தெரியும்” என்று இழுத்தால் ஒரு அளவு, “எனக்குத் தெரியாதா?” என்றால் வேறு அளவு. ஆங்கிலத்தில் ‘ஐ நோ’ என்பதும் இப்படிப் பல வேலை பார்க்கிற சொல்தான். ஆனால் வேலை, சட்டம், அலுவலகம் என்று எழுத்துக்கு வரும்போது அளவைச் சொல்ல அங்கே தனித்தனிச் சொற்கள் உண்டு. ‘அவேர்’, ‘அக்வைன்டட்’, ‘ஃபெமிலியர்’, ‘கான்வர்சன்ட்’ எல்லாவற்றுக்கும் எதிரே ‘தெரிந்த, பரிச்சயமான’ என்று ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த அளவு கண்ணில் படுவதே இல்லை.

‘அவேர்’ என்றால் அப்படி ஒன்று இருப்பது தெரியும், அவ்வளவுதான். ஒருவரை ‘நோ ஆஃப்’ என்றால் பெயரைக் கேள்விப்பட்டதுண்டு, பேசியதில்லை. இந்தக் குட்டி ‘ஆஃப்’ விடுபட்டால் போச்சு. “ஐ நோ தி கலெக்டர்” என்று சொல்லிவிட்டு, “அப்படியா, ஒரு போன் போடுங்களேன்” என்றால் முழிக்க வேண்டியதுதான். ‘அக்வைன்டட்’ என்றால் அறிமுகம் ஆகியிருக்கிறது. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லலாம், கைமாற்று கேட்க முடியாது.

‘ஃபெமிலியர்’ இன்னும் நெருக்கம். வீட்டாரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபேமிலி’யும் அதே வேர்தான். வீட்டு ஆள் மாதிரிப் பழகியது என்று அர்த்தம். ஒரு மென்பொருளோடு ஃபெமிலியர் என்றால் எந்த பட்டன் எங்கே என்று தேடாமல் அன்றாட வேலையை முடிக்க முடியும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை, அதற்கு ‘ப்ரொஃபிஷியன்ட்’, ‘எக்ஸ்பர்ட்’ இருக்கின்றன. ஆகவே வி-லுக்அப் பற்றிய கேள்வி அநியாயமானது கிடையாது.

ஆட்களோடு இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் ‘டூ ஃபெமிலியர்’ என்றால் ஓவராக உரிமை எடுத்துக்கொள்கிறார் என்ற புகார் அது. “மேனேஜரோட நல்லாப் பழகுவேன்” என்பதை “ஐ ஆம் வெரி ஃபெமிலியர் வித் மை மேனேஜர்” என்று மாற்றினால், படிப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

அடுத்த வழுக்கல் ‘வித்’தா ‘டு’வா என்பது. ‘எனக்கு’ப் பரிச்சயம் என்று தமிழில் சொல்லிப் பழகியதால் “ஐ ஆம் ஃபெமிலியர் டு எக்செல்” என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் எக்செல்லுக்கு இவரைத் தெரியும் என்று ஆகிவிடும்!

சட்டம் அளந்து சொன்ன ‘தெரியும்’

இந்த அளவெல்லாம் வெறும் இங்கிலீஷ் வாத்தியார் நுணுக்கம் என்று தோன்றினால் 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தைப் பார்க்கலாம். ஒரு கடிதத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து என்ற கேள்வி வந்தால், அந்தக் கையெழுத்தோடு ‘அக்வைன்டட்’ ஆன ஒருவர் கருத்துச் சொல்லலாம் என்கிறது பிரிவு 47. அதோடு நிற்கவில்லை. யார் அக்வைன்டட் என்பதையும் அங்கேயே விளக்கிவிடுகிறது: அவர் எழுதுவதை நேரில் பார்த்தவர், தான் அனுப்பிய கடிதத்துக்கு அவரிடமிருந்து வந்த பதிலைப் பெற்றவர், வழக்கமான வேலையின் போக்கில் அவர் எழுதிய ஆவணங்கள் தொடர்ந்து கைக்கு வந்தவர்.

சட்டம் தரும் உதாரணம் இன்னும் சுவாரஸ்யம். லண்டனில் ஒரு வியாபாரி, கல்கத்தாவில் ஒரு வியாபாரி. கல்கத்தாக்காரரின் குமாஸ்தா லண்டன் கடிதங்களைச் சரிபார்த்து ஃபைல் செய்கிறார். லண்டன்காரர் எழுதுவதை அந்த குமாஸ்தா ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் கருத்து செல்லும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. ‘அக்வைன்டட்’ பற்றிய விளக்கம் அதிலும் தொடர்கிறது.

இதற்கு நேர் எதிரான காட்சி நன்னடத்தைச் சான்றிதழ். அரசு வேலைகளுக்குக் கேட்கப்படும் படிவத்தில், இன்னாரை இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியும் என்று கெசட்டட் ஆபீசர் ஆங்கிலத்தில் சான்றளிக்க வேண்டும். ‘ஐ ஹேவ் நோன்’ என்பது அங்கே உள்ள வாசகம். பச்சை மை கையெழுத்துக்காகத் தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடித்து, முன்பின் பார்த்திராத அதிகாரி முன்னால் போய் நிற்பது ஊர் அறிந்த கதை. அவரும் ‘மூன்று ஆண்டுகள்’ என்று நிரப்பிக் கொடுப்பார். குமாஸ்தாவின் ‘தெரியும்’ எவ்வளவோ மேல்.

குறை ஒரு பக்கம் மட்டுமா?

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. வேலை விளம்பரங்களில் ‘ஸ்ட்ராங் ஃபெமிலியாரிட்டி’, ‘வொர்க்கிங் நாலெட்ஜ்’ என்று போடுகிற நிறுவனங்கள் எதைச் செய்யத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில்லை. அதைப் பார்த்து, உண்மையிலேயே வேலை தெரிந்த பிள்ளைகள் பயந்து விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்கு இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அண்ணனோ அக்காவோ அந்தத் துறையில் இருக்க மாட்டார்கள். அவர் இழப்பது ஒரு சொல்லால் போன வேலை.

பிளேஸ்மென்ட் பயிற்சியில் கைகுலுக்கவும் ‘டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்’ ஒப்பிக்கவும் நாள்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தச் சொற்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அதுவரை கையில் இருக்கிற வழி, ‘ஃபெமிலியர்’ பக்கத்திலேயே செய்த வேலையை எழுதிவிடுவது. துறையின் 60 மாணவர்களுடைய வருகைப் பதிவை ஒரு செமஸ்டர் முழுக்க எக்செல்லில் பார்த்துக்கொண்டவர் அதையே எழுதட்டும். எதிரே இருப்பவரின் விரல் அந்த வரியில்தான் வந்து நிற்கும்: “75 பர்சென்ட்டுக்குக் கீழ இருக்கிறவங்களை எப்படிப் பிரிச்சு எடுத்தீங்க?”