சென்ட் பாட்டிலில் போன போலீஸ் வேலை!
18 வயதுக்கு முன் ஒரு சட்டம். மறுநாள் வேறு சட்டம்

தென்காசி:

ஜூன் பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலம் களைகட்டும். மெயின் அருவி, ஐந்தருவி ஓரக் கடைகளில் கூட்டம் முட்டும். கல்லாவில் இருப்பவர் சில்லறை எண்ணும் நேரத்தில் ஒரு கூலிங் கிளாஸ், ஒரு சென்ட் பாட்டில் மாயமாவது வியாபாரிகளுக்குப் பழகிப்போன சங்கதி. தென்காசி பஜாரிலும் இதே கதைதான்.

மாட்டுகிறவன் மீசை அரும்பாத பையனாக இருந்தால்தான் தலைவலி. "தெரியாம எடுத்துட்டேன் அண்ணாச்சி, விட்டுருங்க" என்று அழுவான். நாலு அறை விட்டு அனுப்புவதா? போலீசைக் கூப்பிடுவதா?

அதற்கு முன்னால் கேட்க வேண்டியது பையனின் வயது. கேஸ் முழுக்க அதில்தான் தொங்குகிறது.

லாக்-அப் கூடாது

18 வயது முடியாதவன் என்றால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வருகிறது. அவனை லாக்-அப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் கொண்டது இந்தக் குழுமம்.

பெரிய ஆட்கள் கூட்டு இல்லாத திருட்டுக்கு எப்.ஐ.ஆர். போடவே வேண்டாம், ஸ்டேஷன் பொது டைரியில் எழுதினால் போதும் என்கின்றன 2016-ம் ஆண்டு விதிகள். குழுமம் கண்டித்து அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். அப்பீல் காலம் முடிந்ததும் ரிக்கார்டை அழித்துவிட வேண்டும். பிற்காலத்தில் அந்தக் குற்றம் அவன் தகுதியைக் கெடுக்காது என்கிறது 24-வது பிரிவு.

வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மைனராக இருந்தபோது வந்த வழக்கைக் காட்டி ஒருவருக்கு மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையை மறுத்தார்கள். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் நின்றது.

ஆனால் எல்லாம் சட்டப்படியா நடக்கிறது? ரெயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன், 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் உயிரிழந்தான். அவனை அடித்ததாக இல்ல ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள்.

செல்போன் ஆபத்து

கோர்ட்டு ரிக்கார்டை அழிக்கலாம். கடைக்காரர் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்ட வீடியோவை யார் அழிப்பது? பையனின் முகம், பெயர், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாத ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்ட் பாட்டிலைப் பறிகொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏறும்படி ஆகும்!

பிறந்த நாளுக்கு மறுநாள்

அதே பையனுக்கு 18 முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தால்? பாரதிய நியாய சன்ஹிதா பாய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். திருட்டுக்கு 3 வருடம் வரை ஜெயில். 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவை.

"தப்பிச்சோம்டா சாமி" என்று மூச்சு விட வேண்டாம். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு கிடைக்கும் தண்டனைதான் அந்தச் சமூக சேவையும். கடையை 'சரக்கு வைத்துப் பாதுகாக்கும் கட்டடம்' என்று கொண்டு 305-வது பிரிவைப் போட்டால் 7 வருடம் வரை போகும். அதில் இந்தச் சலுகையும் கிடையாது.

விடுதலை ஆனாலும் வில்லங்கம்

விடியற்காலையில் மைதானத்தில் ஓடிப் பழகும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு, கிரிமினல் வழக்கில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் சம்பந்தப்பட்டவரே என்று 2008-ல் சென்னை ஐகோர்ட்டு புல் பெஞ்ச் சொல்லிவிட்டது.

டெல்லி போலீஸ் வேலை வழக்கு ஒன்றில் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு சற்று இரங்கியது. 20 வயது வாக்கில் வந்த அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் மறைத்தவர் அவர். இளவயதுத் தவறை மன்னிக்கலாம் என்ற நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனை உதாரணம் காட்டினார். 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் நாகையா நடித்தாரே, அந்தக் கதையின் மூல நாயகன்தான்.

அந்த இரக்கத்தை நம்பி பாரத்தில் பொய் எழுதக் கூடாது. வழக்கை மறைத்தால் வேலையை ரத்து செய்யலாம் என்று 2016-ல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சின்ன வழக்கு, சின்ன வயது என்றால் மன்னிக்கலாம் என்றும் சொன்னார்கள். மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வேலை கொடுக்கும் அதிகாரி.