இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் வாயைத் திறந்து காட்டுங்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு நம் வீடுகளில் என்னென்ன கட்டிக் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ரசப்பொடி, மீன்கறித் தூள், வறுத்த நெத்திலி, மைலோ, தைலப் புட்டி, குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை. 2024 செப்டம்பரில் நான் கிள்ளானிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது பெட்டியை மூன்று முறை எடை போட்டார் அப்பா. பல்லைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. ஐந்தாம் படிவத்தில் அடைத்த ஒரு கடைவாய்ப் பல்லோடு விமானம் ஏறினேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த அடைப்பு உடைந்து விழுந்தது. வலி இல்லை. வலிக்காத பல்லுக்காக மருத்துவரைத் தேடும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நானும் விட்டுவிட்டேன். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கிய நிலையில் கண்விழித்தேன்.

நான் தங்கியிருந்தது வட இங்கிலாந்தில் ஒரு நடுத்தர ஊர். கடைத்தெருவில் பத்து நிமிடம் நடந்தால் நான்கு பல் கிளினிக்குகளின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். ஆகவே பெரிய பயம் ஒன்றும் இல்லை. காலை எட்டரைக்கு முதல் எண்ணை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி என் வீக்கத்தைப் பற்றியது அல்ல. "என்.எச்.எஸ்.ஸா, பிரைவேட்டா?"

என்.எச்.எஸ். என்பது அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவை. அதன் நோயாளியாகத்தான் வருகிறேன் என்றேன். புதியவர்களை எடுப்பதில்லை என்றார். மதியத்துக்குள் பதினோரு கிளினிக்குகளை அழைத்துவிட்டேன். ஏழு இடங்களில் அதே பதில். இரண்டு இடங்களில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்ப்பதாகச் சொன்னார்கள். எத்தனை மாதம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஓரிடத்தில் சிறுவர்களை மட்டும் பார்ப்பார்களாம். கடைசி எண்ணில் பதிவு செய்த குரல்தான் பேசியது. வேடிக்கை என்னவென்றால், முதலில் அழைத்த அதே கிளினிக்கில் பிரைவேட் என்றால் மறுநாள் காலை பத்தே காலுக்கு இடம் இருந்தது. அதே மருத்துவர், அதே நாற்காலி. பார்ப்பதற்கு மட்டும் 95 பவுண்டு. ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல்!

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். அங்கு படித்துத் திரும்பிய அண்ணன்மார் பலர், "விசாவோடு மருத்துவக் கட்டணமும் கட்டிவிட்டாய், இனி எல்லாம் இலவசம்" என்பார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்கள் அந்தக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு செலுத்துகிறார்கள். அது பொது மருத்துவரைப் பார்க்கவும் மருத்துவமனைக்குப் போகவும் வழி திறக்கும். பல் அப்படி இல்லை. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நான் இருந்தபோது என்.எச்.எஸ். விலையில் ஒரு பரிசோதனைக்கு 26.80 பவுண்டு, அடைப்புக்கோ பிடுங்குவதற்கோ 73.50, மேலுறை போன்ற பெரிய வேலைக்கு 319.10. முழு நேரம் படிக்கும் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஸ்காட்லாந்தில் 26 வயதுக்கு உட்பட்ட அனைவருக்குமே இலவசம். எடின்பரோ, கிளாஸ்கோ பக்கம் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், இடம் கிடைத்தால்.

இலவசம் என்ற சொல் அந்த நாட்டில் முதலில் விரிசல் விட்டதே பல்லில்தான். 1948 ஜூலையில் என்.எச்.எஸ். தொடங்கியபோது பல் சிகிச்சையும் இலவசமாகவே இருந்தது. செலவு எகிறியது. 1951இல் பொய்ப்பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன் பதவி விலகினார். ஓர் அமைச்சர் பொய்ப்பல்லுக்காகப் பதவியை விட்டார் என்று சரித்திரப் பாடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை!

இன்றைய சிக்கலுக்கு 2006இல் இங்கிலாந்தில் கொண்டு வந்த ஒப்பந்தமே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அதன்படி பல் மருத்துவரின் வேலை யூ.டி.ஏ. என்ற அலகால் கணக்கிடப்படுகிறது. பரிசோதனைக்கு ஓர் அலகு, அடைப்புக்கு மூன்று, மேலுறைக்குப் பன்னிரண்டு. ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று, ஆறு பல்லை அடைத்தாலும் மூன்றே. யோசித்துப் பாருங்கள். ஒரே ஓட்டையோடு வருபவர் அரை மணி நேரத்தில் எழுந்து போவார். பல ஆண்டுகளாக மருத்துவரையே பார்க்காமல் வாய் முழுக்கப் பிரச்சினையோடு வருபவருக்கு நான்கைந்து தடவை நாற்காலியை ஒதுக்க வேண்டும். வருமானம் இருவரிடமும் ஒன்று. அப்படியானால் எந்த நோயாளியைக் கிளினிக் விரும்பும்? 2022 இறுதியில் இதைக் கொஞ்சம் திருத்தி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பல்லில் வேலை இருந்தால் ஐந்து அலகு, கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கு ஏழு என்று ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. என்.எச்.எஸ். வேலையைக் குறைத்துக்கொண்டு பிரைவேட் பக்கம் சாய்ந்த மருத்துவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கைப் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் புதிதாகப் போகிறவர்களைக் குழப்பும். பொது மருத்துவரிடம் பதிந்துகொண்டால் நீங்கள் அவருடைய நோயாளி. பல் மருத்துவரிடமும் பதிவு உண்டு என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் அதே 2006இல் அந்தப் பதிவு முறை எடுக்கப்பட்டுவிட்டது. சிகிச்சை முடிந்தால் உறவும் முடிந்தது. கிளினிக் வைத்திருக்கும் பட்டியல் அதன் சொந்த வசதிக்கு. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: உங்கள் வட்டாரத்தில்தான் போக வேண்டும் என்ற எல்லை கிடையாது. ரயில் போகும் தூரத்துக்கு எங்கும் முயலலாம்.

2004 பிப்ரவரியில் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஒரு புதிய என்.எச்.எஸ். பல் கிளினிக் திறந்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் வரிசை பிடித்தார்கள். சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் வட்டாரத்தில் அதே காட்சி. கூட்டத்தைப் பார்க்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது. இடையில் 2022இல் பிபிசி எடுத்த கணக்கெடுப்பில், பத்தில் ஒன்பது என்.எச்.எஸ். கிளினிக்குகள் புதிய பெரியவர்களை ஏற்கவில்லை என்று தெரிந்தது. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று!

நான் பகுதி நேரமாக வேலை செய்த பேரங்காடியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இருந்தார். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். என் கன்னத்தைப் பார்த்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். வீட்டிலேயே பல்லை அடைத்துக்கொள்ளும் பசை. மருந்துக்கடையில் வாங்கியதாம். அவர் பல் மருத்துவரைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்பு போய்க்கொண்டிருந்த கிளினிக் பிரைவேட்டுக்கு மாறியதும் ஒரு கடிதம் வந்ததாம், அவ்வளவுதான். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். அது அவருடைய கூச்ச சுபாவம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீக்கத்தில் அந்தப் பசையை வைக்கக் கூடாது என்று சொல்லி, 111 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொன்னவரும் அவர்தான். அவசரம் என்றால் அழைக்க வேண்டியது அதுதான்; காய்ச்சல் இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். இரண்டு நாள் கழித்து நாற்பது நிமிட ரயில் தொலைவில் ஓர் அவசர இடம் கிடைத்தது. கட்டணம் 26.80 பவுண்டுதான். மருத்துவர் சீழை வெளியேற்றி, தற்காலிக மருந்து வைத்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வேர் சிகிச்சை செய்தால் பல் பிழைக்கும். உங்கள் வழக்கமான பல் மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள்" என்றார். எனக்கு அப்படி ஒருவர் இல்லை என்றேன். தெரியும் என்பது போலத் தலையசைத்தார்.

பிரைவேட்டில் வேர் சிகிச்சைக்கு விலை கேட்டேன். என் ஒரு மாத அறை வாடகையை விட அதிகம். குறைந்த வருமானம் உள்ளவர்கள் எச்.சி.1 என்ற பாரத்தை நிரப்பிக் கட்டணச் சலுகை கேட்கலாம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தச் சலுகை என்.எச்.எஸ். விலைக்குத்தான். உட்கார நாற்காலியே கிடைக்காதவருக்கு விலைக் குறைப்பு எதற்கு? ஜூன் விடுமுறையில் ஊர் திரும்பி, கிள்ளானில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனேன். காலை ஏழே காலுக்கு எண் எடுத்து, பத்தரை மணிக்கு உள்ளே அழைத்தார்கள். பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். பல்லைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். பிடுங்கிவிட்டார்.

நம் அரசாங்கக் கிளினிக்கை நாம் எப்படிப் பேசுவோம் என்று எனக்கும் தெரியும். ஒரு வெள்ளி மருந்து, மணிக்கணக்கில் காத்திருப்பு, சிடுசிடுக்கும் மிசி. காத்திருப்பு உண்மைதான். ஆனால் காத்திருந்தால் உள்ளே போகலாம். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மடக்கு நாற்காலியோடு வந்து, நம் வாயில் கண்ணாடிக் கரண்டியை விட்டுப் பார்த்த பல் தாதியர் நினைவிருக்கிறதா? நாம் கழிவறையில் ஒளிந்துகொள்வோம். அவர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி பினாங்கில் 1949இலேயே தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் தொடங்கிய அந்த ஏற்பாடு இங்கே இன்னும் பள்ளிக்கு நடந்து வருகிறது. அவன் ஊரில் என் பேரங்காடித் தோழி மருந்துக்கடைப் பசையை வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு விமானம் இருந்தது. அவருக்கு அதுதான் சொந்த ஊர்.

ஆகவே உபகாரச் சம்பளக் கடிதம் வந்துவிட்டவர்களும் வரப்போகிறவர்களும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே பல்லைக் காட்டிவிடுங்கள். ஞானப்பல் எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, வலி வருமுன், அக்கம்பக்கத்து ஊர்க் கிளினிக்குகளின் காத்திருப்போர் பட்டியல்களில் பெயரைக் கொடுங்கள். லீட்ஸ், ஷெஃபீல்ட், நியூகாசல் போன்ற நகரங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தருவார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

என் சித்தி மகள் இந்தச் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் போகிறாள். சித்தி இப்போதே நெத்திலி காய வைக்கத் தொடங்கிவிட்டார். போன வாரம் அவளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். "எனக்குத்தான் ஒன்னும் வலிக்கலையேக்கா" என்று வழியெல்லாம் முனகினாள். இரண்டு ஓட்டைகள்.