போற வரைக்கும் மிக்ஸி போதும்

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மனார் மாலில் இருந்து எனக்கு ஒரு ஃபோட்டோ வந்தது. அனுப்பியது எங்க பில்டிங்கில் மூணாவது மாடியில் இருக்கிற தங்கச்சி. ஃபோட்டோவில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர், அதன் நெத்தியில் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆஃபர் விலை. கீழே ஒரு வரி: "அக்கா, வாங்கவா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க, அவர் பார்க்கிங்ல நிக்கிறார்."

இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் எனக்கு அரை நிமிஷம் போதும். பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அடுத்த வரி வந்தது: "எத்தனை வருஷம் இங்க இருப்போம்னே தெரியலை. இவ்வளவு வெயிட்டை வாங்கி என்ன பண்றது?"

டைப் பண்ணினதை அழிச்சுட்டு, "இன்னைக்கு வாங்காதே, வீட்டுக்கு வா, பேசுவோம்" என்று அனுப்பினேன். ஏன் நிறுத்தினேன் என்பதைத்தான் இந்த மாசம் எழுதுறேன். வழியில் கொஞ்சம் உளுந்தும் மோட்டாரும் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல என் யோக்கியதையைச் சொல்லிடணும். எங்க வீட்டுச் சமையலறையில் மேல் அலமாரி ஒண்ணு இருக்கு. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். அங்கே ஒரு ரொட்டி மேக்கர் தூங்குது. டிஎஸ்எஃப் சமயத்தில் பாதி விலையில் வாங்கினது. அது சுட்ட சப்பாத்தியை என் பையன் கையில் எடுத்து, "அம்மா, அப்பளம் நல்லா இருக்கு" என்றான். பக்கத்தில் வாஃபிள் மேக்கர். எங்க வீட்டில் யாரும் வாஃபிள் கேட்டதே இல்லை. அப்புறம் ஏன் வாங்கினேன் என்று கேட்காதீங்க. ஏர் ஃபிரையர் மட்டும் கீழே மேடையில் இருக்கிற உரிமையைச் சம்பாதிச்சிருக்கு. ஆனா அதுகூட பெயர் சொல்ற மாதிரி பொரிக்கிற சட்டி கிடையாது, உள்ளே வேகமான ஃபேன் வெச்ச குட்டி அவன்தான். கட்லெட், ஃப்ரோசன் சமோசா, நேத்து மிச்சமான பக்கோடா இதையெல்லாம் அருமையா பண்ணும். தளர்வான வடை மாவைப் போட்டீங்கன்னா கம்பித் தட்டு வழியா கீழே ஒழுகிப் போகும். பஜ்ஜியும் அதே கதைதான். எண்ணெயில் விழுந்த நொடியே மாவு மேல்புறம் இறுகணும். காத்துக்கு அந்த வேகம் வராது.

இந்த அலமாரி எனக்குக் கத்துக்கொடுத்தது ஒண்ணுதான். வீட்டில் ஏற்கெனவே வாரா வாரம் நடக்கிற வேலைக்கு மெஷின் வாங்கினால் அது மேடையில் நிக்கும். நடக்கணும்னு நாம ஆசைப்படற வேலைக்கு வாங்கினால் மேலே ஏறிடும்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், ராஸ் அல் கைமாவில் இட்லி தின்னிற குடும்பத்துக்கு கிரைண்டர் வாங்கலாமா என்பது ஒரு நிமிஷக் கேள்விதான். வாரத்தில் மூணு நாள் இட்லி, தோசை என்றால் வாங்குங்க. மாசத்துக்கு ஒரு தரம் என்றால் பாக்கெட் மாவு வாங்குங்க, அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனா அந்தத் தங்கச்சி கேட்டது அந்தக் கேள்வி இல்லையே.

எங்க அப்பா இங்கே ஒரு சிமென்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அம்மாவும் நானும் 1986-இல் பட்டுக்கோட்டையில் இருந்து வந்து சேர்ந்தோம், எனக்கு அப்போ மூணு வயசு. அம்மா கொண்டுவந்த பெட்டியில் ஒரு மிக்ஸி இருந்தது. 2009-இல் ஊருக்குத் திரும்பிப் போற வரைக்கும், 23 வருஷம், அம்மா மிக்ஸியில்தான் மாவரைச்சாங்க. நாலஞ்சு மிக்ஸி மாறியிருக்கும், கிரைண்டர் மட்டும் வரவே இல்லை. காசு ஒரு காரணம் இல்லை. யாராவது கேட்டால், "போற வரைக்கும் மிக்ஸி போதும்" என்பாங்க. அடுத்த வருஷம் போயிடுவோம், விசா இந்த ஒரு தரம் புதுப்பிச்சா போதும், பாப்பா பத்தாவது முடிக்கட்டும், பன்னிரண்டாவது முடிக்கட்டும். எங்க வீட்டில் கனமான சாமான் எதுவுமே கிடையாது. கட்டில்கூட ஆணி கழட்டி மடக்கிற கட்டில்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் விநோதமா இருக்கலாம். உங்களுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு. வளைகுடாவில் வளர்ந்த என் மாதிரி ரெண்டாம் தலைமுறைக்கு, நாப்பது வருஷம் ஆனாலும், கையில் இருப்பது தேதி போட்ட விசாதான். அந்தத் தேதி அடுப்படி வரைக்கும் வரும்.

கிரைண்டர் வாங்கவே இல்லையா என்றால், வாங்கினாங்க. 1994-இல் லீவில் போனப்போ, பட்டுக்கோட்டையில் கட்டின புது வீட்டுக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் போவோம். பிளாஸ்டிக் கவரை எடுத்து, ஒரு மாசம் அரைச்சு, கழுவித் துடைச்சு, திரும்ப கவரைப் போட்டு மூடிட்டு விமானம் ஏறுவோம். 2009-இல் அம்மா நிரந்தரமாப் போய் முதல் நாள் சுவிட்சைப் போட்டப்போ, ஓடாமல் கிடந்து இறுகிப்போன பெல்ட் பட்டென்று அறுந்தது. பெல்ட் மாத்திட்டாங்க, இப்பவும் ஓடுது. அதை ஃபோனில் அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

அதனால்தான் அந்த ரெண்டாவது வரியைப் பார்த்ததும் என்னால் ஒரு நிமிஷத்தில் பதில் போட முடியலை.

மிக்ஸியில் அரைச்சால் என்ன குறை என்று சின்னவங்க கேட்பீங்க. சட்னிக்கும் மசாலாவுக்கும் ஒரு குறையும் இல்லை. நம்ம ஊர் மிக்ஸியே ஒரு வீட்டுக் கோபத்தில் பிறந்ததுதான். பம்பாயில் மாதுரி மாத்தூர் என்கிற அம்மா வெச்சிருந்த ஜெர்மன் மிக்ஸி பழுதாகி, இந்தியாவில் அதைச் சரிசெய்ய வழியில்லாமல் போச்சு. அவங்க கணவர், பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், இந்திய அரைப்பைத் தாங்கற மாதிரி ஒண்ணைத் தானே உருவாக்கினார். 1963-இல் வந்த சுமீத் மிக்ஸி அதுதான். இங்கே ஸ்மூத்தி போட விக்கிற பிளெண்டரில் காய்ஞ்ச மிளகாயையும் மஞ்சளையும் போட்டுப் பாருங்க, அந்த அம்மாவோட கோபம் புரியும்.

உளுந்து விஷயம் வேற. மிக்ஸி பிளேடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்தும். வெட்டும், கூடவே சூடாக்கும். அம்மா ஐஸ் தண்ணி ஊத்தி, விட்டு விட்டு, மூணு ஈடா அரைப்பாங்க. கிரைண்டரில் கல் மெதுவா நசுக்கிக்கிட்டே, மாவுக்குள்ளே காத்தையும் மடிச்சுவிடும். உளுந்தில் இருக்கிற பிசுபிசுப்பு அந்தக் காத்தையும், அப்புறம் புளிக்கும்போது வர்ற வாயுவையும் வெளியே விடாமல் பிடிச்சு வெக்கும். இட்லி பொங்கறதும் மெத்துன்னு இருக்கறதும் அதனாலதான். தண்ணிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு உளுந்து மாவைப் போட்டால் மிதக்கணும். மிதந்தால் சரியான பதம்.

ஆட்டுக்கல்லில் கீழ்க்கல் அசையாது, குழவியை நாம சுத்தணும். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி கரண்டில் ஓடற கிரைண்டரைக் கொண்டுவந்தார். கிரைண்டரில் பாத்திரம் சுத்தும், கல் தன் இடத்திலேயே நின்னு உருளும். அம்மாவோட தோள்பட்டை செய்த வேலை மோட்டாருக்குப் போச்சு. இன்னைக்கு கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்சப்போ, எங்க மாமியார் வீட்டுக்கும் ஒண்ணு வந்தது. ஊரில் அது சோறு வடிக்கிற சட்டி மாதிரி வீட்டுச் சாமான். இங்கே வந்தால்தான் "ஸ்பெஷல் அப்ளையன்ஸ்" என்று பெயர்.

சரி, காசுக் கணக்கு. எங்க வீட்டில் நாலு பேர். வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் மாவு வாங்கினோம், பாக்கெட் எட்டு திர்ஹாம், மாசம் 64. அதே மாவுக்கு அரிசியும் உளுந்தும் வெந்தயமும் வாங்கினால் ஒரு 20 திர்ஹாம். நான் கிரைண்டருக்குக் கொடுத்தது 420. பத்து மாசத்தில் தன் விலையைத் தானே கட்டிடுச்சு. கரண்டைப் பத்திக் கவலையே வேண்டாம். 150 வாட் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட்தான். உண்மையான செலவு நேரம். அரைக்கிற அரை மணி நாம பக்கத்தில் நிக்கத் தேவையில்லை, ஆனா கல்லையும் பாத்திரத்தையும் கழுவ நான் பத்து நிமிஷம் நிக்கிறேன். அதில் பாதி நாள் சலிப்பு வரும், மறைக்க மாட்டேன். முன்னாடி வியாழக்கிழமை ராத்திரி அரைப்பேன். 2022 ஜனவரியில் வார லீவு சனி, ஞாயிறுக்கு மாறினதும் அது வெள்ளிக்கிழமை ராத்திரி ஆச்சு.

வாங்கறவங்களுக்கு நாலு வார்த்தை. நாலு பேருக்கு ரெண்டு லிட்டர் போதும். ஊரில் வாங்கிக் கொண்டுவரலாம், வோல்டேஜ் ஒத்துப்போகும், பிளக் மட்டும் மூணு சதுரப் பின்னுக்கு மாத்தணும். ஆனா 30 கிலோ லக்கேஜில் பத்துக் கிலோவுக்கு மேல அதுவே சாப்பிட்டுடும், அங்கே வாங்கின வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. முதல் தடவை ஒரு கைப்பிடி அரிசியை அரைச்சுக் கொட்டிடுங்க, கல்தூள் போகட்டும். வெயில் காலத்தில் ஏசி இல்லாத சமையலறையில் அஞ்சாறு மணி நேரத்தில் மாவு பொங்கி வழியும், ராத்திரி பாத்திரத்துக்கு அடியில் தட்டு வெச்சுட்டுத் தூங்குங்க. டிசம்பர், ஜனவரியில் அவனை ஆன் பண்ணாமல், உள்ளே லைட்டை மட்டும் போட்டு மாவை வெச்சால் காலையில் சரியா இருக்கும்.

நாடு மாறும் யோசனை இருந்தால் இதையும் கேட்டுக்கோங்க. இங்கேயும் இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியாவிலும் பிளக் ஒண்ணுதான், வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிரைண்டர் கூடவே வரலாம். கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏத்திக் கொடுக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் அங்கே வேகமா ஓடும், சூடாகும். அந்தப் பக்கம் போறீங்கன்னா இங்கேயே யாருக்காவது கொடுத்துட்டு, அங்கே அந்த ஊருக்குன்னே செய்ததை வாங்குங்க.

அன்னைக்கு ராத்திரி அந்தத் தங்கச்சி வந்தா. வீட்டுக்காரருக்கு மார்ச்சில் கான்ட்ராக்ட் முடியுது, புதுப்பிப்பாங்களா தெரியாது. நான் அம்மா கதையைச் சொல்லலை. "நாலு வாரம் என் கிரைண்டர்ல அரை. அஞ்சாவது வாரமும் ஊற வெச்சா வாங்கு, இல்லன்னா விடு" என்றேன்.

நாலு வெள்ளிக்கிழமையும் லிஃப்டில் ஊறின உளுந்துப் பாத்திரத்தோட வந்தா. மூணாவது வாரம் எங்க அம்மா வீடியோ காலில் இருந்தாங்க. "கேமராவைக் கிட்டக் கொண்டு போ, கையால வழிச்சுக் காட்டு" என்றாங்க. அவ வழிச்சுக் காட்டினா. "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடட்டும்மா, தண்ணியைத் தெளிச்சு விடு" என்றாங்க அம்மா. என் பொண்ணு கிண்ணத்தில் தண்ணி கொண்டுவந்து ஒரு சொட்டு மாவைப் போட்டா. மிதந்தது. பட்டுக்கோட்டையில் இருந்து ஒரு "ம்" வந்தது. 23 வருஷம் மிக்ஸியில் அரைச்சவங்களோட "ம்".

அஞ்சாவது வெள்ளிக்கிழமை அவ வரலை. ஒன்பது மணிக்கு ஃபோன் பண்ணினேன். ஆஃபர் முடிஞ்சு போயிருக்கு, 60 திர்ஹாம் கூடக் கொடுத்திருக்கா. என்னால வந்த நஷ்டம்தான், ஒத்துக்கிட்டேன். மார்ச்சைப் பத்திக் கேட்கலாம்னு வாயெடுத்தேன். "அக்கா, ஒண்ணும் கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க" என்றா, "கிரைண்டர் ஓடுது."