கழிவு போக மிச்சமுள்ள வயது

"இன்னும் பேசலையா?" என்று கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. "அவ அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், விடுங்க, பேசிருவா" என்று அவர்களே முடித்தும் விடுவார்கள். கூடவே ஒரு வைத்தியமும் வரும்: வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவ வேண்டுமாம். காது கேட்காத பிள்ளைக்கு நாக்கில் தடவி என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த "பேசிருவா" போல விலை கூடிய ஆறுதல் வேறில்லை என்பது என் கட்சி.

நான் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை. மருத்துவம் படித்தவன் அல்ல. என் பேத்தி 29 வாரத்தில், 1,100 கிராம் எடையில் பிறந்ததிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன். 37 வாரம் முடியாமல் பிறந்தால் குறைமாதம். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம், அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற மதிப்பீடு. "ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளைதான் தங்காது" என்று எங்கள் தெருப் பெரியம்மாக்கள் சொல்வது தலைகீழ்ப் பேச்சு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

மூளைக்கு அது இன்னும் லாபம். 34 வாரத்தில்கூட சிசுவின் மூளை, நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் இருக்கும். வயிற்றுக்குள், தாயின் குரலைக் கேட்டபடி நடக்க வேண்டிய மீதி வளர்ச்சி, கண்ணாடிப் பெட்டியில் மானிட்டர் சத்தத்துக்கு நடுவில் நடக்கிறது. குழாய் வழியே பால் போவதால் உறிஞ்சி விழுங்கும் பழக்கம் தள்ளிப்போகிறது. கடுமையான மஞ்சள் காமாலையும், கிருமித் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் சில குழந்தைகளின் காதைப் பாதிக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் பின்தங்கிவிடுவதில்லை. ஆனால் யார் ஓடி வந்து சேர்ந்துகொள்வார், யார் நின்றுவிடுவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே பெரியவர்களின் பேச்சைக் கூடுதலாகக் கேட்ட குறைமாதக் குழந்தைகள், பின்னாளில் மொழித் திறன் சோதனையில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்களாம். என் மகளும் கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடிதான் இருந்தாள். என்னம்மா பேசினாய் என்றதற்கு, "இன்னைக்குத் தக்காளி என்ன விலைன்னு சொல்லிட்டிருந்தேம்ப்பா" என்றாள். போதும், அதுவே பாடம்தான்.

வயதுக் கணக்கில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். எங்கள் கடையில் மூட்டையை எடை போட்டதும் கழிவு என்று கொஞ்சம் கழிப்போம். கழித்ததுபோக நிற்கும் எடைக்குக் காசைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைமாதப் பிள்ளைக்கும் கழிவு உண்டு. 29 வாரத்தில் பிறந்தால் 40க்கு 11 வாரம் குறைவு. முதல் பிறந்தநாள் கேக் வெட்டும் அன்று அவள் வயது உண்மையில் ஒன்பதரை மாதம்தான். பக்கத்து வீட்டு நிறைமாதப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாயை அழ வைப்பது தப்பு. இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது: "குறைமாசம்ல, அப்படித்தான் இருக்கும்" என்று மூன்று வயது வரை கழித்துக்கொண்டே போவது. இந்தக் கழிவு பொதுவாக இரண்டு வயதோடு சரி. கழித்த வயதில் 12 மாதம் ஆகியும் மழலையோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "பால் தா", "தாத்தா வா" என்று இரண்டைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பேசிய சொல்லை விட்டுவிட்டால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொடுத்த காகிதக் கட்டில் கண் பரிசோதனைக்குத் தேதி போட்டிருந்தது. விழித்திரைப் பாதிப்பை முதல் மாதத்திலேயே பார்க்காவிட்டால் பார்வை போகும் என்று நர்ஸ் மிரட்டாத குறையாகச் சொன்னார், போனோம். காதுக்கு "பெரா" என்று ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். தேதியும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அஞ்சு நாளுக்கு மேல் இருந்த பிள்ளைக்கு அந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கெடு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட, காது கேட்காத பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் கருவியே பொருத்துகிறார்கள். வாசலில் இத்தனை பெரிய உதவியை வைத்துக்கொண்டு, அங்கே போகும் தேதியை மட்டும் எழுதாமல் விடுவதை என்னவென்று சொல்ல?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மகளைக் கட்டிக் கொடுத்தது தாராபுரம் பக்கம். அது திருப்பூர் மாவட்டம். பிள்ளைக்கு அஞ்சாம் மாதம் நடக்கும்போது மகள் புகுந்த வீட்டுக்குப் போனாள். இங்குள்ள செவிலியர் "அவங்க ஊருக்குப் போயாச்சு" என்று விட்டார்; அங்குள்ளவருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும்; அவர்கள் பார்க்கும் பட்டியலில் பேச்சுத் தாமதமும் உண்டு. அன்றைக்குப் பிள்ளை அம்மாச்சி வீட்டில் இருந்தால் அடுத்த ஆறு மாதம். கர்ப்பம் பதியும்போது கொடுத்த பிக்மி எண் மாவட்டம் கடந்தும் செல்லும். குறைமாதம் என்ற ஒரு குறிப்போடு அந்த எண்ணைப் புகுந்த வீட்டுச் செவிலியரின் பட்டியலில் சேர்க்கலாம்.

எங்கள் காய் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறது. அங்கிருந்து நாம் இறக்க வேண்டிய சரக்கு ஒன்று உண்டு. டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் 1991இல் வெளியிட்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை: ஒரே பக்கம், 17 கேள்வி, இரண்டு வயது வரை. பிள்ளையின் வயதுக்கு நேராகப் பென்சிலை வைத்தால், அதற்கு இடப்பக்கம் உள்ளதையெல்லாம் பிள்ளை செய்ய வேண்டும். மொழிக்கென்றே மூன்று வயது வரை இன்னொரு அட்டவணையும் அவர்கள் போட்டிருக்கிறார்கள். சத்துமாவு வாங்க வரும் தாயிடம் அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகும் வரை, பேச்சுப் பயிற்சி என்றால் ஏதோ பெரிய கருவி வைத்துச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு கண்ணாடி டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டு இறுக மூடிப் பேத்தி முன்னால் வைத்தார். அவள் தட்டினாள், உருட்டினாள், டப்பாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறக்காமல் பார்த்தபடி இருந்தார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "புள்ள கேக்குதுல்ல, குடுங்கம்மா." "வாயால கேட்கட்டும் பாட்டி, அதுக்குத்தானே வந்திருக்கோம்." கொஞ்ச நேரம் கழித்து "த்தா" என்று ஒரு சத்தம் வந்தது. உடனே மூடி திறந்தது. நாமோ வீட்டில் பிள்ளை கண்ணை அசைத்தாலே கையில் கொடுத்துவிடுகிறோம், மிச்ச நேரத்துக்குச் செல்போன்.

இதை வாராவாரம் செய்தால்தான் பலன். மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் எங்களுக்கு அது திண்டுக்கல்லில்; ஒட்டன்சத்திரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சுற்றுக் கிராமத்தில் வெங்காயம் அறுக்கப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். இரண்டு வாரம் வருவாள், மூன்றாம் வாரம் வரமாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபி செய்யவும் ஆள் வருகிறார். மாத்திரையோடு வாசல் தேடி வரும் பெண்ணின் நோட்டில், குறைமாதப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைத் திண்டுக்கல்லிலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பஸ் ஏறுவது ஒருவராக இருக்கட்டும், நாற்பது தாய்மார் வேண்டாம்.