பேயை எடுத்துவிட்டுப் பாருங்கள்

ஒரு பேய்த் தொடர் நல்லதா இல்லையா என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கதையிலிருந்து பேயை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் மனிதர்களின் கதையை நீங்கள் தொடர்ந்து பார்ப்பீர்களா? பார்ப்பீர்கள் என்றால் அது நல்ல தொடர். மாட்டீர்கள் என்றால், அங்கே இருப்பது சத்தமும் இருட்டும் மட்டும்தான்.

இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிற ஒரு தொடர் நாங்கள் வாழும் டென்மார்க்கிலேயே எடுக்கப்பட்டது. லார்ஸ் ஃபொன் ட்ரியரின் 'ரீயெத்'. தமிழில் 'இராச்சியம்' என்று சொல்லலாம். 1994இல் நான்கு பகுதிகள், 1997இல் நான்கு, பிறகு 25 வருடம் கழித்து 2022இல் ஐந்து. உங்களில் பலர் பிறப்பதற்கு முன்னரே தொடங்கிய கதை. ஆனாலும் போன வருடம் வந்த பல தொடர்களைவிட இன்றும் உயிரோடு இருக்கிறது. (சின்ன வயதுக்காரர் கொஞ்சம் பொறுங்கள். சில காட்சிகள் கடுமையானவை.)

கதை நடப்பது கொப்பன்ஹேகனின் ரீக்ஸ்ஹொஸ்பிட்டால் என்ற பெரிய வைத்தியசாலையில். முன்பு துணி வெளுக்கும் குளங்கள் இருந்த நிலத்தில் அது கட்டப்பட்டது என்றுதான் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும். பக்கத்துத் தெருவான ப்ளேக்டம்ஸ்வாய்க்கு அந்தப் பெயர் வந்ததும் அந்தக் குளங்களால்தான். அறிவியலின் கோட்டை போன்ற அந்தக் கட்டடத்தில், லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஒரு சிறுமி அழுவது கேட்கிறது. அவள் பெயர் மேரி. நெடுங்காலத்துக்கு முன் இறந்துபோனவள். தன்னுடைய மகள் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, வைத்தியரான தகப்பனே அவளைக் கொன்றான்.

இப்போது என் சோதனையைச் செய்து பார்ப்போம். மேரியை எடுத்துவிடுங்கள். மேலே வார்டில் மோனா என்று இன்னொரு சிறுமி இருக்கிறாள். ஸ்டீக் ஹெல்மர் என்ற சுவீடன்காரச் சத்திரசிகிச்சை நிபுணர் செய்த பிழையால் மூளை பாதிக்கப்பட்டவள். அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஓர் அறிக்கை ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. அதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதே ஹெல்மரின் முழுக் கவலையும். பேயே இல்லாமலும் இது ஒரு முழுக் கதை.

அப்படியானால் பேய் எதற்கு? இங்கேதான் சோதனையின் இரண்டாம் பாதி. பேயைத் திரும்ப உள்ளே வையுங்கள். மேரிக்கும் மோனாவுக்கும் நடந்தது ஒன்றுதான்: ஒரு வைத்தியர் தன் பெயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை மறைத்தார். கீழே பழைய குற்றம் அழுகிறது, மேலே புதிய குற்றம் கோப்புக்குள் கிடக்கிறது. நிர்வாகமோ 'காலைக் காற்று' என்று பெயர் வைத்து, எல்லோரும் சிரித்த முகத்தோடு வேலை செய்ய ஓர் இயக்கம் நடத்துகிறது! நான் கணினித் துறையில் வேலை செய்பவன். காரணத்தைத் தேடாமல் எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்திவிட்டுக் கூட்டம் போடும் இடங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூடி வைத்ததை மூடியபடியே இருக்கவிடாத அந்த மணிதான் மேரி.

பாத்திர வளர்ச்சி என்றால் கெட்டவன் கடைசியில் நல்லவனாவது என்று பலர் நினைக்கிறோம். ஹெல்மர் திருந்துவதே இல்லை. கூரையில் ஏறி, கடலுக்கு அப்பால் தெரியும் சுவீடனைப் பார்த்து டேனிஷ்காரரைத் திட்டுகிறார். ஆனால் அந்தக் கூரையில் அவருடைய தனிமையும் தெரிகிறது. இன்னொரு நாட்டில் வேலை செய்துகொண்டு, விட்டுவந்த நாட்டைப் பெரிதாக்கி, இருக்கிற நாட்டைச் சிறிதாக்கும் மனிதரை எங்களுக்குத் தெரியாதா? எங்கள் கொண்டாட்டங்களில் நாலு பேராவது இருப்பார்கள். அழுகையைக் கேட்கும் திருமதி ட்ருஸ்ஸேயோ, இல்லாத நோயைச் சொல்லி வார்டில் படுத்திருப்பவர். பொய் சொல்லி உள்ளே வந்தவருக்குத்தான் உண்மை கேட்கிறது. பொண்டோ என்ற பேராசிரியர் ஆராய்ச்சிக்காகப் புற்றுநோய் பிடித்த ஈரலைத் தன் உடம்பிலேயே பொருத்திக்கொள்கிறார். பேய் இவர்களை மாற்றவில்லை. இவர்கள் யார் என்பதை வெளியே கொண்டுவருகிறது. அதுவும் வளர்ச்சிதான். வளர்வது அவர்களைப் பற்றி எங்களுக்குள்ள அறிவு.

நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த டேனிஷ் தொடர் 'ஈக்வினொக்ஸ்' இதற்கு மறுபக்கம். 1999இல் பாடசாலை முடித்த மாணவர்கள் கூட்டமாகக் காணாமல் போகிறார்கள். அக்காவை இழந்த தங்கை அஸ்த்ரிட் வளர்ந்தபின் தேடிப்போகிறாள். அந்தத் துயரம் உண்மையாக இருக்கும்வரை நான் கண் எடுக்கவில்லை. பிறகு பழைய சடங்குகளும் அவற்றின் விதிகளும் வந்து கதையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் விதி முடிவு செய்தால், அஸ்த்ரிட் முடிவு செய்ய என்ன மிச்சம்?

உங்கள் அம்மாவிடம் 'விடாது கருப்பு' பற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி, 90களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' கதைகளில் ஒன்று. தப்புச் செய்தால் கருப்பர் தண்டிப்பார் என்று நம்பும் ஊர். ஒவ்வொரு சாவிலும் 'செய்தது கருப்பரா?' என்று கேட்கும் முன், 'செத்தவன் என்ன செய்தான்?' என்று கேட்க வைத்தது அந்தத் தொடர். ஆளுக்கொரு குற்றம், ஆளுக்கொரு பயம். அதனால்தான் அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் இன்றும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது.

இதை எழுதக் காரணம், உங்களில் சிலர் கமெரா தூக்கத் தொடங்கிவிட்டீர்கள். குறும்படம் என்றால் பலருக்கு முதலில் தோன்றுவது பேய்தான். எடுங்கள். ஆனால் வெள்ளைச் சேலையையும் விரித்த தலையையும் தேடுவதற்கு முன், யார் எதை மறைத்தார் என்று தேடுங்கள்.

எங்களுக்குத் தூரம் போகத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தெருவோரத்தில் உட்கார்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மகன் இறந்த தேதி தெரியாத தாய்க்குத் திவசம் எந்த நாளில் என்று தெரியாது. சுவரில் அவன் படம் இருக்கிறது. அதற்கு மாலை போட்டால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். போடாவிட்டால் எத்தனை வருடத்துக்கு? அப்பா ஒன்று சொல்வார், அம்மா இன்னொன்று சொல்வார், இங்கே பிறந்த தங்கை இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் இரவு கதவு தட்டப்படுவதாக நீங்கள் படம் எடுக்கலாம். ஆனால் அந்த மகனைப் பயம் காட்டும் உருவமாக மட்டும் தயவுசெய்து ஆக்காதீர்கள். தட்டுகிறவன் யார் என்பதைவிட, கதவைத் திறக்க முதலில் எழும்புவது யார், வேண்டாம் என்று கையைப் பிடிப்பது யார் என்று எழுதுங்கள். அதை எழுதிவிட்டால் பயம் தானாக வரும்.