குமிழை நம்பலாமா?

வானொலிப் பெட்டியை வீட்டிலேயே செப்பனிடும் அன்பர்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் மலிவான சால்டரிங் அயர்ன் எது என வினவுகின்றனர். மும்பை லாமிங்டன் சாலையில் குமிழ் வைத்தவை பல உண்டு. சிலவற்றில் அக்குமிழ், மின்விசிறி ரெகுலேட்டரைப் போல் மின்சாரத்தைக் குறைப்பதோடு சரி. சும்மா கிடந்தால் முனை காந்தும், தடித்த கம்பியைத் தொட்டால் குளிரும். முனையருகே வெப்பமுணரும் உறுப்பு உள்ளதையே கேட்டு வாங்குக. குறைந்த அளவில் வைத்தாலும் அது விரைந்து சூடேறித் தானே நிற்கும், கடையிலேயே சோதிக்கலாம். 60/40 பற்றாசு 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். முனைக்கு 350 பாகை போதும். மிஞ்சினால் பலகையின் செப்புத் தடம் உரிந்து, ஐந்து நிமிட வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும். எண் காட்டும் திரைக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது நம் கருத்து. நில இணைப்புக்கு மூன்றாம் முள் இல்லாததையோ, இனாமாகத் தந்தாலும் நாம் தொடோம்.